கஞ்சி ஊற்றிய வியாழக்கிழமை

அந்த ஜீப் எங்கள் வீட்டில் குடித்த முதல் ரத்தம் என்னுடையது. தை மாதம், பொங்கல் கழிந்து வந்த முதல் ஞாயிறு, காலை ஒன்பதே கால் மணி. பின்சக்கரத்துக்கு மேல் வண்டியின் கனத்தைத் தாங்கும் பட்டைகளைக் கழற்றிக் கொல்லையில் போட்டிருந்தோம். வில்லாக வளைந்த ஏழு இரும்புத் தகடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஏழையும் நடுவில் ஒரே ஒரு போல்ட் கோத்துப் பிடித்திருந்தது. இரண்டு பட்டைகள் முறிந்திருந்ததால் கட்டைப் பிரிக்க வேண்டும். போல்ட் துருவேறி ஸ்பானருக்கு அசையவில்லை. நான் குறட்டால் உளியைப் பிடித்துக்கொள்ள, தம்பி பெரிய சுத்தியலால் அடித்தான். பதினெட்டாவது அடியில் போல்ட்டின் தலை பறந்தது. அத்தனை வருடம் அமுங்கிக் கிடந்த இரும்பு ஒரே மூச்சில் விரிந்தது. மேல்பட்டை எழும்பி என் நெற்றியில் இறங்கியது. கண்ணில் ரத்தம் வழிந்து, கொல்லை முழுவதும் சிவப்பாகத் தெரிந்தது.

தம்பி சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

"கையக் காட்டு ணா. கைல பட்டுதா?"

"இல்லடா."

"தலைதானா. போ, நான் பயந்தே பூட்டேன்."

எங்கள் நெசவுத் தெருவில் யார் அடிபட்டாலும் முதல் கேள்வி இதுதான். தலையில் ஆறு தையல் போட்டுக்கொண்டு மறுநாளே தறியில் உட்காரலாம், நான் உட்கார்ந்தேன். உள்ளங்கையில் நகத்தளவு தோல் உரிந்திருந்தால் உட்கார முடியாது. பட்டிழை அதில் மாட்டும், பிசிறும், அறும். அதனால்தான் எங்கள் வீட்டுச் சண்டைகளில்கூட முழங்கைதான் வேலை செய்யும். உள்ளங்கையால் அறைந்ததாக எனக்கு நினைவே இல்லை, அந்த ஆனி மாதம் வரை.

தறியில் நாங்கள் இருவர். சேலையின் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் வைத்து, வரிக்கு வரி இரண்டையும் கோத்து நெய்வதைக் கோர்வை என்போம். ஒற்றை ஆளால் ஆகாது. நான் குழியில் கால்வைத்து உடலை நெய்வேன். தம்பி என் வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கான நாடாவை, நூல் சுற்றிய கூர்முனைக் கட்டையை, எறிவான். என் நாடா அவன் கைக்குப் போகும், அவன் நாடா என் கைக்கு வரும். அவன் பதினெட்டு வயதில் உட்கார்ந்தான். ஜீப்பில் கைவைத்தபோது பதினொரு வருடம் ஆகியிருந்தது. கையைப் பார்க்காமலே ஒருவர் எறிவதை ஒருவர் வாங்குவோம்.

எங்கள் அப்பா தறியில் உட்காராத மனிதர். ஏரி வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கு டீசல், ஆள், மண்வெட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு இந்த ஜீப்பை ஓட்டியவர். ஓரிக்கைக்குக் கீழே பாலாற்று மணலிலும், தாமல் ஏரியின் சேற்றிலும், வேறு வண்டி போகாத இடத்தில் எல்லாம் நான்கு சக்கரமும் இழுக்கப் போய் வந்தது அது. அவர் இறந்தபின் பதினான்கு மாதம் கொல்லையில் நின்றது. டயர்கள் மண்ணோடு ஒட்டிப்போயின. பானெட்டுக்குள் கீரி குட்டி போட்டது.

பொங்கலுக்கு மறுநாள் தம்பி அதைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு உள்ளே வந்தான்.

"ணா, தாமல் ஏரிய தூர் வார்றாங்களாம். அப்பாவுக்குத் தெரிஞ்ச ஒப்பந்தக்காரர்தான். பங்குனி முடியறதுக்குள்ள வண்டிய ஏரில எறக்கி, லோடோட ஏத்திக் காட்டுனா, சித்திரைலேர்ந்து எனக்கு வேலைன்றாரு."

"தறி?"

"தறிக்கு நீதான் இருக்கிறியே."

அன்றிலிருந்து அந்த வண்டி ஓடுமா ஓடாதா என்பதுதான் எனக்கு ஒரே கேள்வி. ஓடினால் தம்பி போய்விடுவான். கரைப்பக்கம் காலியாகும். பதினொரு வருடத்துப் பழக்கத்தை வேறொருவர் கையில் தேடிப்பிடிக்க முடியாது என்று நினைத்தேன். இருந்தும் பழுதுபார்க்க உதவுகிறேன் என்று நானாகவே சொன்னேன். கூடவே இருந்தால் வேலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும் அல்லவா?

பட்டையை வெட்டும்முன் இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. நெற்றித் தையலோடு நூலகத்துக்குப் போய், வண்டி பழுதுபார்ப்பது பற்றிய ஒரு தடித்த பழைய புத்தகத்தை எடுத்துவந்தேன். ஒரு நீள நோட்டும் வாங்கினேன். அன்றன்று என்ன கழற்றினோம், என்ன பூட்டினோம், எதைப் படித்தேன் என்று கிழமையும் மணியும் போட்டு எழுதினேன். எனக்கு எல்லாவற்றையும் அப்படி எழுதிவைக்கிற வழக்கம். தம்பிக்குப் படிக்கப் பொறுமை இல்லை. "நீ படி, நான் அடிக்கிறேன்" என்பான்.

அடிதான் அடித்தான். மாசி முழுக்கக் கொல்லையில் இரும்போடு இரும்பு மோதும் சத்தம். திறக்காத நட்டை ஊதுவிளக்கால் சிவக்கக் காய்ச்சி, அதன்மேல் தண்ணீர் ஊற்றி, சீறும்போதே ஸ்பானர் போட்டு, ஸ்பானருக்குமேல் இரும்புக் குழாயைச் செருகி, குழாயின்மேல் ஏறிக் குதிப்பான். நட்டு பிளந்தால் சிரிப்பான். பிளக்கவில்லை என்றால் வண்டியின் மட்காட்டை உதைப்பான். கையில் மட்டும் எப்போதும் இரண்டு உறை: உள்ளே பழைய பருத்தித் துணி, வெளியே தோல். கழற்றியதும் எண்ணெய் தேய்த்து, கடலைமாவு போட்டுக் கழுவி, விளக்கடியில் விரல் விரலாகப் பார்ப்பான். ஜீப்பிடம் அவன் காட்டிய மூர்க்கம் எதையும் கைக்குக் காட்டவில்லை.

மாசி மூன்றாம் வாரம், செவ்வாய், மாலை ஐந்து மணிக்கு ஜாக்கி சரிந்தது. கீழே செங்கல் முட்டுக் கொடுத்திருந்தோம். தம்பி வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். ஒரு முனகல் கேட்டது. அது வண்டியுடையதா அவனுடையதா என்று எனக்குப் புரியும்முன் பின்சக்கரத்து டிரம் இறங்கிச் செங்கலைத் தூளாக்கியது. அவன் காதுக்கும் டிரம்முக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி. முகமெல்லாம் செங்கல்பொடியோடு வெளியே ஊர்ந்துவந்தான். எழுந்து நின்றான். சுத்தியலை எடுத்து வண்டியின் பின்கதவில் அடிக்கத் தொடங்கினான். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வார்த்தை.

"என்னியா... கொல்ல... பாக்குற... என்னியா..."

என் மனைவி சமையற்கட்டிலிருந்து எட்டிப்பார்த்தாள். "ரெண்டு பேர்ல ஒருத்தராவது செத்தாதான் அந்த வண்டி ஓடும்போல. யாருன்னு சொல்லிட்டீங்கன்னா ஒலை வைக்கிறப்போ அரிசியக் கொறச்சிப்பேன்."

தம்பி சுத்தியலைக் கீழே போட்டு, பின்கதவில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தான். அந்தக் கதவில் பதினாறு குழிகள் விழுந்தன. இன்றும் இருக்கின்றன.

இன்ஜின் முதன்முதலில் பிடித்தது பங்குனி இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு. ஒன்றரை வருட அழுக்கை ஒரே துப்பாகத் துப்பியது. கரும்புகை சுவரைத் தாண்டித் தெருவுக்குப் போனது. தெருவில் அந்த நேரத்தில் எதிர்வீட்டுப் பெரியவர் பாவு கட்டியிருந்தார். சேலையின் நீள இழைகளைத்தான் பாவு என்கிறோம். ஆயிரக்கணக்கான பட்டிழைகளை முளைக்கு முளை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்துக் காயவைப்பது. அன்று கட்டியிருந்தது மாம்பழ மஞ்சள். புகை அதன்மேல் போய் உட்கார்ந்தது.

"அடப்பாவி, பாவு மேல பொகைய வுட்றியே, கண்ணு அவிஞ்சிபோச்சா?"

தம்பி சுவர்மேல் தலையை நீட்டினான். "வண்டிய ஸ்டார்ட் பண்ணா பொகை வராம பன்னீரா பெரியப்பா வரும்?"

இந்தப் பதில் வராமல் இருந்திருந்தால் பேச்சோடு போயிருக்கும். முதல் கல் ஜீப்பின் இடப்பக்க விளக்கை உடைத்தது. இரண்டாவது தம்பியின் தோளில் விழுந்தது. அவன் சுவரேறித் தெருவில் குதித்தான். பெரியவரின் இரண்டு மகன்களும் அவனைப் பாவுக்கு அந்தப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சாத்தினார்கள். முழங்கையாலும் முட்டியாலும்தான். பாவு அறுந்துவிடக் கூடாது என்று மூவருமே குனிந்து அதன் அடியில் நுழைந்துபோய் அடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். நான் போய் விலக்குவதற்குள் தம்பிக்கு ஒரு பல் ஆடியது. மூத்த மகனுக்கு மூக்கில் ரத்தம்.

தெருவில் ஒரு முடிவு சொன்னார்கள். பாவைக் கெடுத்தவன் அதை அலசி, மறுபடி கஞ்சி போட்டு, நீவிக் கொடுக்க வேண்டும். தம்பி மறுத்துப் பேசவில்லை. இரண்டு காலை நேரம், வீங்கிய வாயோடு, அரிசிக் கஞ்சியை வடிகட்டித் தெளித்து, நார்த் தூரிகையால் நீவினான். பிசிறிய இழை கஞ்சி பட்டதும் படிந்து, காய்ந்ததும் கம்பிபோல் நின்றது. அதைப் பார்த்தபடிதான் அவனுக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும்.

அதற்குள் வண்டியில் ஒரே ஒரு குறைதான் பாக்கி. இன்ஜின் சூட்டைத் தணிக்கும் தண்ணீர் சுற்றிவருகிற ரேடியேட்டரில் எங்கேயோ பொத்தல். வெளியே தெரியாத பொத்தல். ஊற்றிய தண்ணீர் அரைமணியில் மண்ணில் இருக்கும். பற்றவைக்கிறவரிடம் காட்டினோம். உள்ளே நூறு நுண்குழாய், எது ஒழுகுகிறது என்று பிரித்துப்பார்க்க இரண்டு வாரம் ஆகும் என்றார். பங்குனி முடிய பத்து நாள்கூட இல்லை.

மூன்றாம் வாரத் திங்கட்கிழமை மாலை ஆறரை மணிக்கு நூலகப் புத்தகத்தில் அந்தப் பகுதியைப் படித்தேன். ஒழுகலை நிறுத்துவதாக எண்ணி மஞ்சள்தூள், தவிடு, மாவு முதலியவற்றை ரேடியேட்டரில் போடக் கூடாது. சூட்டில் அவை களியாகி நுண்குழாய்களை அடைக்கும். தண்ணீர் ஓட்டம் நின்று, நீராவி மூடியை எறியும். நோட்டில் சுருக்கி எழுதினேன்: "திங்கள், 6.30. ரேடியேட்டரில் மாவுப்பொருள் எதுவும் கூடாது. அடைக்கும். வெடிக்கும்."

தம்பியிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். செவ்வாய் காலை தறியில் வேறு பேச்சு வந்துவிட்டது. நான்தான் தொடங்கினேன்.

"அப்பாவும் இப்டித்தான் ஸ்டியரிங்கப் புடிச்சிக்கினு போனாரு. வீட்ட யாரு தாங்குனது? இந்தத் தறி."

"உன் தறி." அவன் நாடாவை எறிந்துகொண்டே பேசினான். "பதினோரு வருஷமா உன் சேலைக்குக் கரை போட்டுக்கினு உக்காந்திருக்கிறேன். யாரு வந்து கேட்டாலும் 'நான் நெய்ஞ்சது'ன்ற. அதுல நான் எங்கபா? ஓரத்துல."

"ஓரத்துல உக்கார்றதுக்கே நான்தான் உனக்குப் பழக்குனேன்."

அவன் முழங்கை என் வாயில் விழுந்தது. நான் கையிலிருந்த நாடாவின் கூர்முனையால் அவன் புஜத்தில் குத்தினேன். யோசிக்கவில்லை, குத்தினேன். அது ஒரு விரற்கடை உள்ளே போனது. குழிக்குள் விழுந்து, மிதிகட்டைகளுக்கு நடுவில், ஒருவர் கழுத்தை ஒருவர் முட்டியால் அழுத்திக்கொண்டு கிடந்தோம். என் மனைவி ஓடிவந்து முதலில் சேலையின்மேல் துணியைப் போர்த்தினாள். "ரத்தம் அது மேல பட்டுச்சின்னா நானே உங்க ரெண்டு பேரயும் வெட்டுவேன்" என்றாள். எழுந்தோம். முகம் கழுவினோம். அரைமணியில் மறுபடி உட்கார்ந்து நெய்தோம். நாடா ஒன்றும் தவறவில்லை.

வியாழன் காலை எட்டு மணிக்கு அவன் ஒரு குண்டானோடு கொல்லைக்கு வந்தான். எதிர்வீட்டில் அன்று காலை மீந்த பாவுக் கஞ்சி. மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டியிருந்தான். இரண்டு நாளில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"ணா, பட்டு நூல்ல கண்ணுக்குத் தெரியாத பிசிற இது அடைக்குது. பித்தளக் குழாய்ல அடைக்காதா? உனக்கு இன்னா தோணுது? நீதான் படிச்சிக்கினே இருக்கிறியே."

என் உதடு இன்னும் வீங்கியிருந்தது. திங்கட்கிழமை எழுதிய வரி நோட்டில் இருந்தது. நோட்டு என் கக்கத்தில் இருந்தது.

"ஊத்திப் பாரேன்" என்றேன்.

வண்டி வழியில் நின்றுவிடும், ஒப்பந்தக்காரர் வேறு வண்டி பார்த்துக்கொள்வார், தம்பி தறிக்குத் திரும்புவான். அவ்வளவுதான் நினைத்தேன். அந்த வரியில் "அடைக்கும்" என்பதை எடுத்துக்கொண்டேன். அடுத்த சொல்லும் என் கையெழுத்துதான். அவன் குண்டானைச் சாய்த்தான். புனலைப் பிடித்தது நான்.

அன்றிரவும் வழக்கம்போல எழுதினேன்: "வியாழன், 8.00. ரேடியேட்டரில் பாவுக் கஞ்சி, ஒன்றரை லிட்டர். ஒழுகல் நின்றது."

உண்மையில் நின்றது. வெள்ளி, சனி இரண்டு நாளும் ஒரு சொட்டு விழவில்லை. தம்பி தெருவிலேயே அரைமைல் ஓட்டிப்பார்த்தான். எதிர்வீட்டுப் பெரியவரை நிறுத்திக் காட்டினான். "பெரியப்பா, உங்க கஞ்சிதான் ஓட்டுது." அவரும் சிரித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தாமல். ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. மதகு ஓரத்தில் மட்டும் முழங்கால் அளவு கலங்கல் தண்ணீர். ஒப்பந்தக்காரர், அப்பாவைவிட இளையவர், தொப்பி வைத்தவர், கரைமேல் நின்று கையை உயர்த்தினார். தம்பி ஏரிக்குள் இறக்கினான். நான் பக்கத்து இருக்கையில். வெடித்த மண்ணில் ஜீப் ஆளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. என் தலை கூரைக் கம்பியில் இரண்டு முறை மோதி, பழைய தையல் இடம் திறந்தது. மண் அள்ளும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இரண்டு பீப்பாய் டீசல் ஏற்றினார்கள். திரும்பிக் கரையேறத் தொடங்கினோம். நான்கு சக்கரமும் மண்ணைப் பிய்த்து எறிந்தன. கல் பறந்து அடியில் அறைந்தது. தம்பி ஸ்டியரிங்கோடு மல்லுக்கு நின்றபடி கத்தினான். அப்பா ஏறும்போது இப்படித்தான் கத்துவார்.

வெப்பமானியின் முள் சிவப்புக்குப் போனதை நான் பாதி ஏற்றத்திலேயே பார்த்தேன். சொல்லவில்லை. கரையின் உச்சியைத் தொட்டதும் இன்ஜின் ஒரு உறுமலோடு நின்றது. பானெட்டின் இடுக்குகளில் ஆவி பீறிட்டது.

"ஏறிடுச்சி! பாத்தீங்களா சார், ஏறிடுச்சி!" என்று தம்பி குதித்து இறங்கினான். இறங்கி முன்னால் போக நான்கு எட்டு. பானெட்டின் இரண்டு கொக்கிகளையும் விடுவித்தான். இருக்கைக்கு அடியிலிருந்த துணியை எடுத்து வலக்கையில் சுற்றினான். உறையைப் போடவில்லை, வெற்றிபெற்ற அவசரம். நானும் இறங்கி அவன் இடப்பக்கம் வந்திருந்தேன். அந்த நேரத்தைப் பிறகு பலமுறை எண்ணிப்பார்த்திருக்கிறேன். "தொறக்காதடா" என்று சொல்ல ஒருவனுக்குத் தாராளமாகப் போதும். கையை மூடியின்மேல் வைத்து அவன் அரைத் திருப்பு திருப்பியபின்தான் என் வாயிலிருந்து "இரு" என்று வந்தது.

மூடி ஒரு துப்பாக்கி வெடிபோலப் போனது. பின்னால் வந்தது தண்ணீர் இல்லை. தண்ணீர் என்றால் வழிந்து ஓடியிருக்கும். கொதிக்கும் களி. வெள்ளையும் துருவும் கலந்து, அவன் வலக்கையில், முழங்கை வரை, கன்னத்தில், கழுத்தில் அப்பிக்கொண்டது. ஒட்டிய இடத்திலேயே நின்று வெந்தது. அவன் உதறினான். போகவில்லை. இடக்கையால் வழித்தான். வழித்ததோடு தோலும் வந்தது. அவன் போட்ட சத்தத்துக்கு ஏரிக்குள் வேலைசெய்த இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள்.

நான் அவனை இடுப்போடு கட்டிக் கரையிலிருந்து இழுத்து உருட்டினேன். இருவரும் முள்ளிலும் கல்லிலும் உருண்டு மதகுத் தண்ணீரில் விழுந்தோம். அவன் கையைச் சேற்றுத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தேன். அவன் மற்ற கையால் என் முகத்தில் குத்திக்கொண்டே இருந்தான், வலி தாங்காமல். நான் விடவில்லை. சுற்றிய துணி உள்ளங்கையோடு வெந்து ஒட்டியிருந்தது. ஒப்பந்தக்காரரின் லோடு ஆட்டோவில்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

"என்ன கொதிச்சது? தண்ணியா, எண்ணெயா?" என்று மருத்துவர் கேட்டார்.

"கஞ்சி" என்றேன்.

"எந்த முட்டாள் ரேடியேட்டர்ல கஞ்சி ஊத்துனது?"

தம்பி கண்ணை மூடியபடியே சொன்னான்: "நெசவு சார் நாங்க. எல்லாத்துக்கும் கஞ்சிதான்."

துணியைப் பிரித்தபோது நான் அறைக்கு வெளியே போய்விட்டேன். அவன் கேட்டது மட்டும் கதவு வழியாகக் கேட்டது. "டாக்டர், உள்ளங்கை? உள்ளங்கை எப்டி இருக்குது?"

ஒப்பந்தக்காரர் சொன்ன சொல் மாறவில்லை. வண்டி லோடோடு கரையேறியதை அவர் கண்ணால் பார்த்தாயிற்று. கை ஆறட்டும், வா என்றார். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் கரைப்பக்கம் காலி. நெய்த துணியைச் சுற்றும் படமரத்தில் பாதிச் சேலை சுற்றியபடி நின்றது. நான் கொல்லையில் இருந்தேன். தம்பி முக்காலியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மார்பில் தூக்கிவைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, அடைபட்டுப்போன ரேடியேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய சாமான் கடையிலிருந்து வந்த வேறொன்றை நானே பூட்டினேன். எத்தனை வேகமாகப் பூட்டினேன் என்பதைப் பார்த்து அவனே கேட்டான்.

"இன்னாணா இது, வண்டி மேல உனக்கு இவ்ளோ ஆசையா?"

கை ஆறியது. ஆனால் உள்ளங்கை காய்ந்த ஏரியைப்போலத் தடிப்பும் வெடிப்புமாக ஆறியது. ஆனி முதல் புதன் அவன் நெய்யாமல் கிடந்த பட்டுநூல் கற்றை, சிட்டம் ஒன்றை எடுத்து அந்தக் கையால் ஒருமுறை உருவினான். இழைகள் தோலில் மாட்டி இழுபட்டன. சிட்டத்தைப் பழையபடி முறுக்கி வைத்துவிட்டுப் போனான். ஸ்டியரிங் பிடிக்க அந்தக் கை போதும். தறிக்கு ஆகாது.

அதே வாரம் சனிக்கிழமை, காலை பத்து மணி. மறுநாள் தாமலுக்குப் புறப்பட வேண்டும். கியர் எண்ணெய் எப்போது மாற்றினோம் என்று கொல்லையிலிருந்து கேட்டான். நான் மனைவியைக் கரைப்பக்கம் உட்காரவைத்துப் பழக்கிக்கொண்டிருந்தேன். கவனமில்லாமல், "நோட்டுல பாரு, அலமாரில இருக்குது" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் கால் மிதிகட்டையில் நின்றது. எழுந்து போய் நோட்டை வாங்கியிருக்கலாம். எழவில்லை. கொல்லையில் ஸ்பானர் சத்தம் நின்றது.

அவன் நோட்டோடு தறிக்கூடத்துக்கு வந்தான். திறந்த பக்கத்தை என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"திங்கக்கெழம இன்னா எழுதியிருக்க? வாய் வுட்டுப் படி."

படித்தேன். "அடைக்கும். வெடிக்கும்" என்பது வரை படித்தேன்.

"வியாழன்?"

அதையும் படித்தேன்.

என் மனைவிக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் கையிலிருந்த நாடாவை மடியில் வைத்தாள். "தம்பி..." என்றாள்.

"நான் ஏறிடக் கூடாதுன்னு. இல்ல?"

"வண்டி நின்னுடும்னுதான்டா..."

அப்போதுதான் அறைந்தான். முழங்கை இல்லை. வெந்து ஆறிய உள்ளங்கை. அந்தத் தடிப்பு என் கன்னத்தைக் கீறியது. நான் தடுக்கவில்லை. அவன் இரண்டாம் முறை கையை ஓங்கி, நிறுத்தி, அதைத் திருப்பிப் பார்த்தான். பிறகு குனிந்து தறியில் விறைப்பாக நின்ற பாவின்மேல் அந்த உள்ளங்கையைப் பரப்பி, என் பக்கத்திலிருந்து கரை வரைக்கும் அழுத்தி இழுத்தான். இழைகள் மாட்டின. மாட்டிய இடத்தில் ஒவ்வொன்றாகவும் பிறகு கொத்துக் கொத்தாகவும் அறுந்தன. பட்டு அறும் சத்தம் அதிகம் இல்லை. நெருப்பில் மயிர் பொசுங்குவதுபோல ஒரு சத்தம். ஓரத்துக்கு வந்ததும், கரையின்மேல் படாமல் கையை எடுத்துவிட்டான். அவன் போட்ட கரை.

நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனான். ஜீப் ஒரே திருகலில் பிடித்தது. ஒரு நாள் முன்னதாகவே புறப்பட்டுவிட்டான்.

அறுந்த இழைகளை எண்ணினேன்: முன்னூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் சாம்பலைத் தொட்டு முறுக்கிப் பிணைத்து முடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. என் மனைவி கரைப்பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றைக்கூடத் தொடவில்லை. மூன்றாம் நாள் சொன்னாள்: "இதையும் எழுதி வெச்சிக்கோங்க. மணி போட்டு." எழுத நோட்டு இல்லை. இங்கே இருக்கும் கிழமைகள் எல்லாம் நினைவிலிருந்து எழுதியவை. ஒன்றிரண்டு மணி நேரம் முன்பின் இருக்கலாம். திங்களும் வியாழனும் தவறாக இருக்காது.

அவன் தாமலிலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டான். ஐப்பசியில் அப்பாவின் திதிக்கு வந்தான். என்னோடு பேசவில்லை; மனைவியிடம் சாப்பாடு கேட்டுச் சாப்பிட்டான். ஜீப் வாசலில் நின்றது. சேறு கூரை வரை அப்பியிருந்தது. உடைந்த இடப்பக்க விளக்கை மாற்றியிருந்தான். பின்கதவின் பதினாறு குழிகளை நிமிர்த்தவில்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீள நோட்டு கிடந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என் கடைசிப் பக்கத்துக்குக் கீழே அவன் கையெழுத்து தொடங்கியது. தடித்த கையால் எழுதிய, கோணலான, பெரிய எழுத்து. கிழமையும் மணியும் போட்டிருந்தான். திறந்திருந்த பக்கத்தின் கடைசி வரி அன்று காலையுடையது:

"ஞாயிறு, 5.40. ரேடியேட்டர். தண்ணீர் மட்டும். நானே ஊற்றினேன்."